கிராங்க் சென்சார் அமைத்தல்: திரையில் 10 டிகிரி, புல்லியில் எத்தனை?

மாற்று ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பொருத்தியதும் பலர் நேரே இக்னிஷன் மேப்பில் (எப்போது பொறி அடிக்க வேண்டும் என்ற அட்டவணை) கைவைக்கிறார்கள். கிராங்க் (பிஸ்டன்களோடு இணைந்து சுழலும் தண்டு) எங்கே நிற்கிறது என்று ஈசியுவுக்குச் சரியாகத் தெரியாதவரை அந்த மேப்பில் எந்த எண்ணுக்கும் மதிப்பில்லை. இங்கே எடுத்துக்கொள்வது, கிராங்கோடு சுழல சென்சார் படிக்கும் 36-1 பல் சக்கரம்: 36 இடத்தில் 35 பல், பல்லுக்குப் பல் 10 டிகிரி.

வீவக (அரசு அடுக்குமாடி) கார்பார்க்கில் இதைச் செய்யாதீர்கள். நிற்கும் வண்டியில் எஞ்சினைச் சும்மா ஓடவிடுவது சிங்கப்பூரில் குற்றம். காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் தெரிந்த பட்டறையில் இடம் கேளுங்கள்.

படி 1: மேல்முனை

பேட்டரியைக் கழற்றுங்கள், ஸ்பார்க் பிளக் எல்லாவற்றையும் எடுங்கள். பிளக் ஓட்டையில் ஸ்குரூடிரைவர் விட்டுப் பிஸ்டன் மேலே வந்ததா என்று பார்ப்பது ஏமாற்றும்: உச்சியில் கிராங்க் சில டிகிரி திரும்பினாலும் பிஸ்டன் அசைவது தெரியாது. முதல் சிலிண்டரின் பிளக் ஓட்டையில் பிஸ்டன் ஸ்டாப்பை (பிஸ்டன் முட்டி நிற்கும் தடுப்பு) திருகி, ஸ்பேனரால் கையாலேயே சுற்றுங்கள். மெதுவாக முட்டியதும், எஞ்சினில் உள்ள நிலையான குறிக்கு நேரே புல்லியில் (கிராங்க் முனையிலுள்ள சக்கரம்) ஒரு கோடு. எதிர்த்திசையில் (போல்ட் இளகாமல்) சுற்றி முட்டியதும் இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடைப்பட்ட குறுகிய பக்கத்தின் நடுதான் டிடிசி, அதாவது மேல்முனை. ஸ்டாப்பைக் கழற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை.

புல்லியைச் சுற்றிக் காகிதப் பட்டை வைத்து அளந்து 36ஆல் வகுங்கள். 450 மி.மீ. சுற்றளவென்றால் 12.5 மி.மீ.தான் 10 டிகிரி. சுழலும் திசையில் டிடிசி கோட்டுக்கு முன்னே அதைக் குறியுங்கள்.

படி 2: பல் எண்ணுதல்

டிடிசியில் நிறுத்தி, சென்சாருக்கு எதிரே எத்தனையாவது பல் என்று பாருங்கள். பல் இல்லாத இடம் கடந்து வரும் முதல் பல்தான் 1. ஒன்பதாவது பல் நின்றால், 8 × 10, அதாவது முதல் பல் டிடிசிக்கு 80 டிகிரி முன்னே கடக்கிறது. சில ஈசியு இதையே 280 டிகிரி பின் என்று கேட்கும், கையேட்டைப் பாருங்கள்.

படி 3: சென்சார்

பல்லுக்கும் சென்சாருக்கும் சுமார் 1 மி.மீ. இடைவெளி. இரண்டு வயர் விஆர் சென்சாரில் (காந்தமும் கம்பிச்சுருளும் உள்ள வகை) வயர் மாறினாலும் சிக்னல் வரும், அதுதான் வம்பு: வேகம் கூடக்கூட டைமிங் நகரும், அல்லது பல் இல்லாத இடத்தில் சிங்க் (ஈசியுவின் கிராங்க் நிலைக் கணக்கு) விட்டுப்போகும். மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஷீல்டு வயரின் உறையை ஈசியு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள்; பிளக் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

படி 4: டைமிங் லைட்

பிளக்குகளையும் பேட்டரியையும் திரும்ப மாட்டி, மென்பொருளில் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டுங்கள். இன்ஜெக்டர் இணைப்பை எடுத்துவிட்டு ஸ்டார்ட்டரில் சுற்றி, பொறி அடிக்கும்போது மின்னும் டைமிங் லைட்டைப் புல்லியில் அடியுங்கள். டயல் உள்ள லைட்டில் டயல் பூஜ்யத்தில் இருக்கட்டும். வேஸ்டட் ஸ்பார்க்கில் (தேவையில்லாத ஸ்ட்ரோக்கிலும் பொறி அடிக்கும் அமைப்பு) டயல் இருமடங்கு காட்டக்கூடும். கோடு 14இல் நின்றால் ட்ரிகர் கோணத்தில் (படி 2இல் கிடைத்த எண்) 4 மாற்றுங்கள். 18க்குப் போனால் எதிர்ப்பக்கம் மாற்ற வேண்டும்.

பிறகு இன்ஜெக்டரை மாட்டி ஐடிலிலும் 3,000 ஆர்பிஎம்மிலும் பாருங்கள். கோடு சீராக நகர்ந்தால் விஆர் வயர் அல்லது லேட்டன்சி (சிக்னல் தாமதம்) அமைப்பு; தாவித் தாவிக் குதித்தால் நாய்ஸ் (மின் இரைச்சல்).

முடித்ததும் பூட்டை எடுக்க மறக்காதீர்கள். 10 டிகிரியிலேயே ஓட்டினால் இழுவை இருக்காது, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பழுக்கக் காய்ந்துவிடும்.