யெரெவான் வந்துவிட்டீர்களா? ஸ்யூனிக்கையும் பார்த்துவிடுங்கள்

படிக்கவும் வேலைக்கும் ஆர்மீனியா வருகிற நம்மவர்கள் பலர் யெரெவானைத் தாண்டுவதே இல்லை. இந்தக் குளிர் பழகியதும் மூன்று நாள் ஒதுக்கி, தெற்குக் கோடியில் இருக்கும் ஸ்யூனிக் மாகாணத்துக்குப் போங்கள். இந்த மக்களை எனக்குப் புரியவைத்தது அந்த மலைகள்தான்.

மேற்கே அஜர்பைஜானின் தனித்துண்டான நக்சிவான், கிழக்கே அஜர்பைஜானின் முக்கிய நிலப்பரப்பு, தெற்கே அராஸ் ஆற்றுக்கு அக்கரையில் ஈரான். இடையில் ஒடுங்கிய மலைநாடு. 3,905 மீட்டர் உயர கபுட்ஜுக் சிகரம் இங்கேதான். ஈரான் எல்லையோரம் இருக்கும் மேக்ரி ஊருக்கு இறங்கினால் மாதுளையும் அத்தியும் காய்த்துக் கிடக்கும். 1720-களில் ஆர்மீனியப் படைத்தலைவர் தாவித் பெக் இங்கிருந்துதான் ஒட்டோமான் துருக்கியரை எதிர்த்துப் போராடினார். சோவியத் ஆட்சி வந்த பிறகும் 1921 ஜூலை வரை ஸ்யூனிக் பணியவில்லை.

யெரெவானிலிருந்து ஸ்யூனிக்கின் கோரிஸ் நகர் வரை மார்ஷ்ருத்கா, அதாவது ஷேர் வேன், உண்டு. நாலைந்து மணி நேரம் ஆகும். குளிர்காலத்தில் மலைக்கணவாயில் பனி மூடும், முதல் பயணத்துக்கு அது வேண்டாம். சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம்: கோரிஸ் பீன்ஸ் பெயர்பெற்றது, லவாஷ் ரொட்டியும் கீரையும் சீஸும் எங்கும் கிடைக்கும்.

ததேவ் மடத்துக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். ஹலிட்சோர் கிராமத்திலிருந்து வொரோதான் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேல் 5.7 கிலோமீட்டர் ரோப்கார், 2010-ல் வந்தது. 9ஆம் நூற்றாண்டு மடம் அது. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிரிகோர் ததேவாட்சி பாடம் சொன்ன பல்கலைக்கழகமும் அதுவே. 1931 நிலநடுக்கத்தில் இடிந்ததைப் பிறகு எடுத்துக் கட்டினார்கள். முற்றத்தில் நிற்கும் தூணைக் கட்டாயம் பாருங்கள், அசைந்து கொடுக்கும்படி கட்டியிருக்கிறார்கள். அப்புறம் நேரமிருந்தால் ஹ்ந்ட்ஸோரெஸ்க் குகைக் கிராமம்.

எல்லை விஷயத்தில் கவனம். கோரிஸிலிருந்து தெற்கே கபான் நகருக்குப் போகும் பழைய சாலையின் சில பகுதிகள் 2021 முதல் அஜர்பைஜான் கட்டுப்பாட்டில் உள்ளன. கபானுக்கு ததேவ் வழியாகத்தான் போக வேண்டும். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். ராணுவச் சாவடிகளைப் படம் எடுக்காதீர்கள், கண்ணிவெடி பயம் உண்டு என்பதால் பாதையை விட்டு விலகாதீர்கள். 2023 செப்டம்பரில் அஜர்பைஜான் படைகள் கைப்பற்றிய கராபாக் பகுதியிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர்கள் அகதிகளாக கோரிஸ் வழியாகத்தான் வந்து சேர்ந்தார்கள். அவர்களாகப் பேசினால் கேளுங்கள், நாமாகக் கிளற வேண்டாம்.

நம்மை 'ஹ்ந்திக்' என்பார்கள்; இந்தியர் என்று பொருள். எந்த ஊர் என்று கேட்டால் மெட்ராஸ் என்று சொல்லுங்கள். உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை 'அஸ்தரார்' 1794-ல் அங்கேதான் அச்சானது. நம் அரண்மனைக்காரன் தெரு உண்மையில் ஆர்மீனியர் தெரு என்பதையும் சொல்லுங்கள், பேச்சு தானாக வளரும்.