நாய் ஏறினால் நிற்கும் மோட்டார்

பட்டர்வொர்த் விமானப்படைத் தளத்தில் இன்ஜின் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆனாலும் ஒரு சின்னப் படகு மோட்டார் என்னை ஒரு வாரம் அலைய விட்டது. பினாங்குத் தீவின் பத்து மாவுங்கிலிருந்து கிளம்பினால், ஜெரஜாக் தீவு நெருங்கும்போது இருமிக்கொண்டே நின்றுவிடும். ஸ்பார்க் பிளக், பெட்ரோல் ஃபில்டர் இரண்டையும் மாற்றினேன். தொட்டி மூடியின் காற்றுத் திருகு திறந்தேதான் இருந்தது. எங்கள் நாய் மணி இல்லாமல் தனியாகப் போனால் மட்டும் கோளாறே இல்லை. நாய்க்கு ராசி இல்லை என்றாள் மனைவி.

அப்புறம் ஒருநாள், மோட்டார் நின்றதும் பெட்ரோல் குழாயிலுள்ள ரப்பர் பம்பைத் தொட்டேன். மாங்காய் வற்றல் மாதிரி சப்பையாகக் கிடந்தது. அப்படியென்றால் தொட்டியிலிருந்து பெட்ரோல் வரவில்லை; அடைப்பு தொட்டிக்கும் பம்புக்கும் நடுவில். சரியாக அங்கே, குழாய் வளையும் இடத்தில், மணி படுத்திருந்தான். 28 கிலோ! எழுப்பியதும் பம்ப் உப்பியது. குழாயைப் படகின் ஓரமாகத் தூக்கி கிளிப் போட்டேன்.

மணி இப்போதும் அதே இடத்தில்தான் தூங்குகிறான்.