சிறைவாசிகளின் தற்கொலைத் தடுப்பு: உளவியல் சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறைவாசி ஒருவர் தற்கொலைக்கு முயன்றார் என்று தெரிந்தால், பல சிறைகளில் உடனே அவரைத் தனி அறைக்கு மாற்றிவிடுகிறார்கள். கண்காணிப்பவர்களுக்கு அது வசதி. சிகிச்சைக்கோ அதுதான் முதல் இடையூறு. பக்கத்துப் பாயில் படுத்திருப்பவரின் இருமல்கூடக் கேட்காத அறையில், எந்த எண்ணத்திலிருந்து அவரை மீட்க வேண்டுமோ அந்த எண்ணத்தோடே அவரைப் பூட்டி வைக்கிறோம். சிறைத் தற்கொலைத் தடுப்புக்கென உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட வழிகாட்டியும் தனிமைப்படுத்தலை ஆபத்துக் காரணியாகவே குறிப்பிடுகிறது.

"ஆஸ்பத்திரிக்குப் போக நாடகம் போடுகிறான்" என்ற முடிவு அடுத்த தவறு. ஒருவருக்குச் சலுகையின் மீது கண் இருக்கலாம். அதே ஆள் உண்மையிலேயே சாகவும் நினைத்திருக்கலாம். ஒன்று இருந்தால் மற்றது இருக்காது என்று எண்ணுவது ஆபத்தானது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே முதலில் கொள்ள வேண்டும் என்கிறது. அப்படியிருக்க, மனு பார்க்கும் சலுகையை, அதாவது உறவினர் சிறைக்கு வந்து அவரைச் சந்திப்பதை, வெட்டித் தண்டிப்பது அவருக்கு வெளியுலகோடு மிஞ்சியிருக்கும் ஒரே கயிற்றை அறுப்பதாகும்.

சிகிச்சை நடக்கும் இடத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் உளவியலாளர், அந்தப் பக்கம் சிறைவாசி, மூன்றடி தள்ளிக் கதவோரம் வார்டர். "தூக்கம் வருகிறதா?" என்று கேட்டால், அவர் வார்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நல்லா இருக்கேன் சார்" என்பார். படிவத்தில் 'ஆபத்து இல்லை' என்று பதிவாகிவிடும். பார்வைக்கு எட்டும் தூரத்திலும் காதுக்கு எட்டாத தூரத்திலும் காவலரை நிறுத்துவது பெரிய செலவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும், மனத்துயரில் இருப்போரின் பேச்சைக் கேட்டு உதவும் சமாரிட்டன்ஸ் தொண்டு அமைப்பிடம் பயிற்சி பெற்ற சிறைவாசிகளே சக சிறைவாசிகளின் பேச்சை ரகசியம் காத்துக் கேட்கும் திட்டம் 1991இல் ஸ்வான்சி சிறையில் தொடங்கி இன்றும் நடப்பதற்கு, அந்த ரகசியம் தரும் நம்பிக்கையே அடிப்படை.

தற்கொலையைப் பற்றி நேராகக் கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற அச்சமும் தேவையற்றது. "செத்துவிடலாம் என்று தோன்றியதுண்டா?" என்று நிதானமாகக் கேட்பது பலருக்கு ஆறுதலாகவே இருக்கும். சுற்றி வளைத்துக் கேட்டால் சுற்றி வளைத்த பதில்தான் கிடைக்கும்.

பொதுவான அறிவுரை வகுப்பையே உளவியல் சிகிச்சை என்று கணக்குக் காட்டுவதும் தவறு. யோகாவும் நல்லுரையும் இருக்கட்டும். அவற்றின் வேலை வேறு. மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆண் சிறைவாசிகள் 62 பேரிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பாதியினருக்கு வழக்கமான கவனிப்போடு தற்கொலைத் தடுப்புக்கென வகுத்த சிந்தனை-நடத்தை சிகிச்சையும் அதிகபட்சம் 20 அமர்வுகள் வழங்கப்பட்டது. 'தோற்றுவிட்டேன், சிக்கிக்கொண்டேன், வழியே இல்லை' என்ற கணிப்பை எடுத்து வைத்துச் சோதித்துப் பார்ப்பதே அச்சிகிச்சையின் மையம். ஆறு மாதங்களில் தற்கொலை சார்ந்த செயல்கள் மற்றவர்களைவிட அவர்களிடம் தெளிவாகக் குறைந்தன. தற்கொலை எண்ணத்தை அளக்கும் வினாத்தாள் மதிப்பெண்களிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஆகவே எண்ணம் இன்னும் வருகிறது என்பதற்காகச் சிகிச்சை வீண் என்று நிறுத்துவதும், சிறிய சோதனை ஒன்றை வைத்துக்கொண்டு எல்லாம் தீர்ந்தது என்று அறிவிப்பதும் சம அளவு அவசரம்.

என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஆபத்தை ஒரே நாளில் அளந்து முடித்துவிடுவது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சிறைகளில் 119 பேர் தற்கொலை செய்துகொண்டனர். அவ்வாண்டு சிறைகளில் இருந்தோரில் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். விசாரணைக் கைதியின் மனம் வாய்தா தேதியோடு ஏறி இறங்கும். உள்ளே வந்த முதல் சில நாட்கள், ஜாமீன் மறுக்கப்பட்ட மாலை, தீர்ப்பு நாள், மனைவி வராமல் போன மனு நாள் ஆகியவற்றை முன்கூட்டியே குறித்துவைத்து அமர்வுகளை அவற்றையொட்டி அமைக்காவிட்டால், புதன்கிழமை தோறும் வரும் ஆலோசகர் வியாழக்கிழமை நேரும் நெருக்கடிக்கு உதவ முடியாது. மனுவில் பேச்சு சரியில்லை என்று உணரும் குடும்பத்தார் அன்றே சிறை அலுவலரிடமோ நல அலுவலரிடமோ சொல்ல வேண்டும்; தங்கள் மனச்சுமைக்கு அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸை அழைக்கலாம்.

வேறு சிறைக்கு மாற்றும்போது உடைமைப் பட்டியல் கையெழுத்தோடு கூடவே போகிறது. பாதியில் நிற்கும் சிகிச்சையின் குறிப்பும், அடுத்த அமர்வை யார் எடுப்பார் என்ற பெயரும் அதே வண்டியில் போயாக வேண்டும்.