மொழியும் கணினியும் சந்திக்கும் இடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பலர் சேர்ந்து தட்டச்சு செய்த ஒரு சொற்பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ‘கோடு’ என்று தேடினால் 9 இடங்களைக் காட்டியது. கண்ணால் ஒவ்வொரு வரியாக உருட்டிப் பார்த்தால் 14 இருந்தன. கொஞ்ச நேரம் கணினியைத் திட்டிவிட்டு அப்புறம்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். விடுபட்ட 5 இடங்களிலும் ‘கோ’ வேறு விதமாகச் சேமிக்கப்பட்டிருந்தது.

கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் ஒதுக்கும் உலகப் பொதுமுறைதான் யூனிகோட். அதில் கோ-வை இரண்டு விதமாக எழுத முடியும். க-வுக்குப் பிறகு ஓகாரக் குறி மொத்தமும் ஒரே குறியீடாக வரலாம். அல்லது க, அடுத்து இரட்டைக் கொம்பு, அடுத்து துணைக்கால் என்று துண்டுதுண்டாக வரலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். இரண்டையும் ஒன்றாகவே கருத வேண்டும் என்று யூனிகோட் விதியே சொல்கிறது, அதற்கு, இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் இயல்பாக்கம் என்று ஒரு வேலையும் வைத்திருக்கிறது. ஆனால் அதைச் செய்யாமல் விட்ட நிரல்களுக்குக் கணக்கில்லை. ‘கௌ’ இதைவிட மோசம். அதன் கடைசித் துண்டு ள மாதிரியே இருப்பதால், பலர் கெ தட்டிவிட்டுப் பக்கத்தில் ள-வையும் தட்டிவிடுகிறார்கள். கௌரவம், கெளரவம்: படிப்பவருக்கு இரண்டும் ஒரே சொல், கணினிக்கு இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. இங்கே இயல்பாக்கமும் உதவாது, உள்ளே இருப்பது உண்மையாகவே வேறு எழுத்து.

திரையில் சரியாகத் தெரிந்தால் உள்ளேயும் சரியாக இருக்கும் என்று நம்புவதுதான் முதல் தவறு. பர்மிய மொழிக்காரர்கள் இதில் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஸோஜி என்ற எழுத்துரு, யூனிகோட் பர்மியத்துக்கு ஒதுக்கிய அதே எண்களைத் தன் இஷ்டத்துக்கு வேறு விதமாகப் பயன்படுத்தியது. ஒருவர் ஸோஜியில் எழுதியது யூனிகோட் வைத்திருப்பவருக்குச் சிதறிய எழுத்தாகத் தெரியும், இவர் எழுதியது அவருக்கு அப்படி. ஒரே நாடு, ஒரே மொழி, இரண்டு கூட்டம். கடைசியில் மியன்மார் 2019 அக்டோபர் 1-ஐ யூனிகோடுக்கு மாறும் நாளாகக் குறிக்க வேண்டியதாயிற்று. தமிழிலும் பழைய எழுத்துருக்களில் செய்த பிடிஎஃப்கள் இன்றும் குவிந்து கிடக்கின்றன. படிக்க அருமையாக இருக்கும், ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் ரோமன் எழுத்துக் குப்பையாக வந்து விழும். அந்தப் புத்தகம் இணையத்தில் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது. தேடினால் இல்லை.

இதிலிருந்து அடுத்த தவறு: தேடிக் கிடைக்கவில்லை என்றால் எழுதப்படவே இல்லை என்று முடிவுகட்டுவது. ‘மரம்’ என்று தேடுகிறீர்கள். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடல், மரத்தில், மரத்தை, மரத்தடி எதையும் காட்டாது, ஏனென்றால் வேற்றுமை ஏறியதும் ‘ம்’ போய் ‘த்து’ வந்து உட்கார்ந்துவிடுகிறது. சொல்லின் கடைசியில் ஓர் எழுத்தைச் சேர்த்தோ கழித்தோ பார்த்தால் போதும் என்ற எண்ணம் ஆங்கிலத்தை வைத்து வந்தது. துருக்கியம், ஃபின்னிஷ் எல்லாமே நம்மைப் போல ஒட்டிக்கொண்டே போகிற மொழிகள்தான், அங்கும் இதே அவதி. ஆகவே ஏதாவது ஆராய்ந்துவிட்டு ‘இதைப் பற்றி இந்த மொழியில் யாருமே எழுதவில்லை’ என்று சொல்வதற்கு முன் ‘மரம்’ தேடிய இடத்தில் ‘மரத்’ என்றும் ஒருமுறை தேடிவிடுங்கள்.

எண்ணிக்கையைப் பார்த்து மயங்குவது இன்னொன்று. பிலிப்பைன்ஸில் பேசப்படும் செபுவானோ மொழியின் விக்கிப்பீடியாவில் 60 லட்சத்துக்கு மேல் கட்டுரைகள் இருக்கின்றன. அடேயப்பா என்று வாய்பிளக்க வேண்டாம், அவற்றில் மிகப் பெரும்பாலானவை எல்எஸ்ஜேபாட் என்ற ஒரு தானியங்கி நிரல் தரவுத்தளங்களை வைத்து உருவாக்கியவை: உயிரினங்கள், ஊர்கள், ஓடைகள் என்று ஒரே வார்ப்பில் வரிசையாக. ஸ்காட்லாந்தில் பேசப்படும், ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவான ஸ்காட்ஸ் மொழி விக்கிப்பீடியாவின் கதை இன்னும் பரிதாபம். அதன் கட்டுரைகளில் பல ஆயிரத்தை, அந்த மொழியே தெரியாத ஒரு பதின்வயதுப் பையன், ஆங்கில வாக்கியத்தில் ஸ்காட்ஸ் போலத் தோன்றும் எழுத்துக்கூட்டலைத் தூவி வருஷக்கணக்கில் எழுதியிருந்தது 2020-ல்தான் வெளியில் வந்தது. கெட்ட எண்ணம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை, ஆர்வக்கோளாறு. ஆனால் சின்ன மொழிகளுக்குக் கணினி பயிற்சி எடுப்பதற்குக் கிடைப்பதே பெரும்பாலும் விக்கிப்பீடியாதான். அதில் இருப்பது போலி என்றால் இயந்திரம் போலியைக் கற்று, போலியை எழுதி, அது மறுபடி இணையத்துக்கு வந்து, அடுத்த இயந்திரத்துக்குப் பாடமாகும். அந்த மொழியைப் பேசுகிறவர்கள் எண்ணிக்கையில் குறைவு என்றால் திருத்தவும் ஆள் கிடையாது.

மொழிபெயர்ப்பு வந்துவிட்டது, இனி மொழி ஒரு தடையே இல்லை என்று சொல்பவர்களிடம் நான் ‘நாங்கள்’ என்ற ஒரு சொல்லைத்தான் நீட்டுவேன். “நாங்கள் நாளைக்குக் கிளம்புகிறோம்” என்றால் நீ வரவில்லை. “நாம்” என்றால் நீயும் மூட்டை கட்டு. தெலுங்கிலும் இந்த வேறுபாடு உண்டு: மேமு, மனம். இந்தோனேசிய மொழியிலும் உண்டு: கமி, கித்தா. இந்த மூன்று மொழிக்கும் தெரிந்த ஒரு விஷயம், நடுவில் ஆங்கிலத்தைத் தரகராக வைத்து மொழிபெயர்த்தால் ‘வீ’ என்ற ஒற்றைச் சொல்லில் கரைந்துவிடும். அப்புறம் மறுபக்கம் எது வரும் என்பது குருட்டாம்போக்குதான், விடைபெற எழுதிய கடிதம் அழைப்பிதழாகப் போய்ச் சேரலாம். இரண்டு மொழிகளுக்கு இடையே நேரடியாக மொழிபெயர்த்த உரைகள் போதுமான அளவு கிடைக்காததால்தான் ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போகிறார்கள். ‘அவர்’ என்பதன் கதியும் இதுவே. நாம் ஆணா பெண்ணா என்று சொல்லாமல் மரியாதையாக விட்ட இடத்தை ஆங்கிலத்துக்குப் போகும்போது எதையாவது போட்டு நிரப்பியாக வேண்டும். இயந்திரம் தான் படித்த குவியலைப் பார்த்து மருத்துவர் என்றால் ஆண், செவிலியர் என்றால் பெண் என்று நிரப்பிவிடுகிறது.

இதெல்லாம் கணினி வந்து கெடுத்தது என்று நினைத்தால் அதுவும் தவறு. கணக்கில் படித்த ‘சைன்’ எங்கிருந்து வந்தது தெரியுமா? சமஸ்கிருதத்தில் நாண் என்று பொருள்படும் ‘ஜ்யா’, ‘ஜீவா’. அரபுக் கணிதர்கள் அதை ஒலிபெயர்த்து ‘ஜீபா’ என்று எடுத்துக்கொண்டார்கள். அரபு எழுத்தில் உயிர்க்குறிகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டு எழுதுவதால், பின்னால் வந்தவர்கள் அதை ‘ஜைப்’ என்று படித்துவிட்டார்கள், ஜைப் என்றால் ஆடையின் மடிப்பு. 12-ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்குப் போனபோது மடிப்புக்குச் சரியான சொல்லாக ‘சைனஸ்’ வைத்தார்கள். வில்லின் நாண் சட்டை மடிப்பாகி உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நல்லவேளை, கணக்கு தப்பவில்லை, பெயர்தான் தப்பியது. கணக்கில் படம் வரைந்து சரிபார்த்துக்கொள்ளலாம். அந்த வசதி எல்லாத் துறையிலும் கிடையாது.

சிலர் எதிர்ப்பக்கம் போய் விழுகிறார்கள்: மொழிதான் சிந்தனை, ஒரு மொழியில் சொல் இல்லாததை அந்த மக்களால் நினைக்கவே முடியாது என்று. இது மிகை. ரஷ்ய மொழியில் வெளிர்நீலத்துக்கும் அடர்நீலத்துக்கும் பொதுப்பெயரே கிடையாது, இரண்டும் தனித்தனி நிறம். 2007-ல் வெளியான ஓர் ஆய்வில், அந்த எல்லையைத் தாண்டும் நிறங்களை ரஷ்யர்கள் சற்று வேகமாகப் பிரித்தறிந்தார்கள். சற்று, அவ்வளவுதான். மற்றவர்கள் நீலத்தில் குருடர்கள் இல்லை.

எழுத்தில் இல்லாததை அறிவுக் கணக்கிலேயே சேர்க்காமல் விடுவதுதான் எனக்கு மிகப் பெரிய தவறாகப் படுகிறது. 1976-ல் ஹோக்குலேயா என்ற இரட்டைப் படகு ஹவாயிலிருந்து தஹிதி வரைக்கும் போனது. திசைகாட்டி கிடையாது, வரைபடம் கிடையாது. வழிகாட்டியவர் மைக்ரோனீசியாவின் சதவால் தீவைச் சேர்ந்த மாவ் பியாய்லுக், நட்சத்திரங்களையும் அலையின் போக்கையும் வைத்து ஓட்டினார். அது முழுவதும் வாயால் சொல்லிக் கையால் பழகி வந்த வித்தை. தேடுபொறிக்கு அது பூஜ்யம். பேச்சு மொழிகளைக் கணினிக்குள் கொண்டுவர முயற்சி நடக்காமலும் இல்லை. 2023-ல் மெட்டா நிறுவனம் 1,100-க்கு மேற்பட்ட மொழிகளின் பேச்சை அடையாளம் காணும் மாதிரியை வெளியிட்டது. பயிற்சிக்கு முக்கியமாக எதை எடுத்தார்கள் என்றால், புதிய ஏற்பாட்டை வாசித்த ஒலிப்பதிவுகளை. அத்தனை மொழிகளில் உரையும் ஒலியும் சேர்ந்து கிடைத்தது அதுதான். குறை சொல்லவில்லை, வேறு வழியில்லை. ஆனால் வேதம் வாசிக்கும் குரலைக் கேட்டுப் பழகியதை, படகுத் துறையில் இரண்டு பேர் கத்திப் பேசுவதும் புரிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சின்னதாக ஒன்று, செலவு பற்றி. ‘தமிழ்’ என்ற சொல் கண்ணுக்கு 3 எழுத்து, யூனிகோடுக்கு 5 குறியீடு, யூனிகோடைச் சேமிக்கும் வழக்கமான முறையான யுடிஎஃப்-8-ல் சேமித்தால் 15 பைட். ரோமன் எழுத்தில் அதையே எழுதினால் 5 பைட்தான். உரையைப் படித்து எழுதும் செயற்கை நுண்ணறிவு நிரல்களான மொழி மாதிரிகள் உரையை டோக்கன் என்ற துண்டுகளாக வெட்டும்போதும் ஆங்கிலத்தைப் பார்த்தே கத்தியைத் தீட்டியிருப்பதால், அதே செய்திக்கு நம் பக்கம் அதிகத் துண்டுகள் விழுகின்றன, துண்டுக்கு இவ்வளவு என்றுதான் கட்டணம்.

சரி, அந்தச் சொற்பட்டியல் என்ன ஆனது? முதலில் இயல்பாக்கம் ஓட்டினேன், ‘கோடு’ 14 வந்துவிட்டது. அந்த உற்சாகத்தில் ‘கெள’ என்று இருக்கும் எல்லா இடத்தையும் ஒரே கட்டளையில் ‘கௌ’ ஆக்கிவிட்டேன். கௌரவம், கௌதமர் எல்லாம் ஜம்மென்று சரியானது. அப்புறம் மீன் பெயர்கள் இருக்கும் பக்கத்துக்கு வந்தால், கெளுத்தியின் உகரம் தாங்க எழுத்தில்லாமல் புள்ளி வட்டத்தில் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டளையைத் திரும்பப் பெற்றுவிட்டு, ஒவ்வொரு ‘கெள’-வையும் நிறுத்திப் படித்துத்தான் மாற்றினேன். முடிக்க மூன்று நாள் ஆனது.