கடவுளை நம்பவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம்: நேரில் பார்க்க உட்காரும் முறை

கண்டவர் விண்டிலர், விண்டவர் கண்டிலர் என்பார்கள். பெரும்பாலும் கேள்வி கேட்பவர் வாயை அடைக்கத்தான் இது பயன்படுகிறது. கண்டதைச் சொல்ல முடியாது என்பது சரிதான். ஆனால் காண்பதற்குப் போகிற வழியைச் சொல்ல முடியும். எத்தனை நேரம், எந்த வரிசையில், எங்கே வழுக்கும் என்று அளவோடு சொல்லியும் வைத்திருக்கிறார்கள். கடவுள் உண்டு என்பவருக்கும் இல்லை என்பவருக்கும் உட்கார்ந்து செய்யும் தியானப் பயிற்சி ஒன்றேதான். இருவரும் தடுக்கி விழும் இடம்தான் வேறு.

பதஞ்சலி யோக சூத்திரத்தில் ஒன்பது தடைகளை வரிசையாகச் சொல்கிறார்: நோய், மந்தம், சந்தேகம், கவனக்குறைவு, சோம்பல், புலனாசையை விட முடியாமை, தப்பான காட்சி, நிலை எட்டாமை, எட்டிய நிலையில் நிற்காமை. கடவுளை மறுப்பது அந்தப் பட்டியலில் இல்லை. சந்தேகம் இருக்கிறது, ஆனால் நோய்க்கும் சோம்பலுக்கும் சமமான தடையாக. தப்பான காட்சியும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. பக்தர்கள் அந்த ஏழாவதைக் கொஞ்சம் நின்று படிப்பது நல்லது.

தொடங்கும் முன் ஒரு காகிதம்

கடவுள் என்றால் உங்கள் மனதில் என்ன வருகிறது என்று ஐந்தே வரியில் எழுதுங்கள். உருவம், குணம், பயம், கோபம், "சும்மா கட்டுக்கதை" என எது வந்தாலும் சரி. எழுதியதை மடித்து எடுத்து வைத்துவிட்டு 90 நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். காரணம் இருக்கிறது. உட்கார்ந்து சில வாரம் போனதும் மனம் எதையாவது காட்டத் தொடங்கும், அது பெரும்பாலும் இந்தக் காகிதத்தில் உள்ளதைத்தான் காட்டும். சரிபார்க்க ஒரு மூலப்பிரதி கையில் இருக்கட்டும்.

கும்பிடுகிறவர் வழிபாட்டை விட வேண்டியதில்லை, கும்பிடாதவர் புதிதாகத் தொடங்க வேண்டியதும் இல்லை. உட்காரும் அந்த நேரத்துக்கு மட்டும் தீர்ப்பை நிலுவையில் வைத்தால் போதும்.

உட்காருவது

தினமும் ஒரே நேரம், ஒரே இடம். காலை எழுந்து முகம் கழுவியதும் சிறந்தது. சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் தூக்கம்தான் வரும். முதல் இரண்டு வாரம் 15 நிமிடம், பிறகு 20, மூன்றாம் மாதம் 30. ஆரம்ப உற்சாகத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு நாலாம் நாள் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். காலை 15, மாலை 15 என்று பிரிப்பது ஒரேயடியாக ஒரு மணி நேரம் உட்காருவதைவிடப் பலன் தரும்.

தரையில் சம்மணமிட்டால் கெட்டியாக மடித்த போர்வையை இடுப்புக்கு அடியில் மட்டும் வையுங்கள், நாலு விரல் உயரம். முழங்கால் இடுப்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். முழங்கால் மேலே தூக்கி நின்றால் கீழ்முதுகு வளையும், பத்தாவது நிமிடத்தில் கவனமெல்லாம் அந்த வலிக்குப் போய்விடும். நாற்காலியில் உட்காரலாம், ஒரு குறையும் இல்லை. சாயாமல், பாதம் இரண்டும் தரையில் படியட்டும். தாடை சற்று உள்வாங்கியிருக்கட்டும். தூக்கம் வருகிறவர்கள் கண்ணைப் பாதி திறந்து, மூன்றடி தள்ளித் தரையைப் பாருங்கள். போனில் அலாரம் வைத்து அதை முதுகுக்குப் பின்னால் வைத்துவிடுங்கள். முன்னால் இருந்தால் நேரம் பார்க்காமல் இருக்க மாட்டீர்கள்.

மூச்சு

முதலில் 21 மூச்சு. வெளியே போகும் மூச்சை மட்டும் எண்ணுங்கள். எண்ணிக்கை தவறினால் திட்டிக்கொள்ளாமல் மறுபடி ஒன்றிலிருந்து. மூச்சைப் பிடிக்காதீர்கள், நீட்டாதீர்கள், அது பாட்டுக்கு வந்து போகட்டும். திருமூலர் சொன்ன காலக் கணக்கு இழுக்க 16, நிறுத்த 64, விட 32. அதைப் படித்துவிட்டுத் தனியாக முயன்று படபடப்பையும் தலைசுற்றலையும் வாங்கிக்கொள்வது உண்டு. பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் கும்பகத்தை, அதாவது மூச்சை நிறுத்துவதை, தொடவே வேண்டாம். இந்த வழிக்கு அது தேவையும் இல்லை.

நாமமா, விசாரமா

21 மூச்சை ஒரு தடவைகூட முழுசாக எண்ண முடியாத அளவுக்கு மனம் சிதறினால் ஒரு மாதம் நாமத்தோடு இருங்கள், அதாவது ஒரு தெய்வப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். வாய்விட்டுச் சொல்வது வாசகம், உதடு மட்டும் அசைவது உபாம்சு, மனதுக்குள்ளேயே சொல்வது மானசம். இந்த வரிசையில்தான் போக வேண்டும். நேரே மானசத்துக்குத் தாவினால் நாமம் ஒரு பக்கம் ஓட, கணக்கு வழக்கு இன்னொரு பக்கம் ஓடும். மனதுக்குள் சொல்வது பழகியதும், அந்த ஒலி எங்கிருந்து கிளம்புகிறது என்று கவனியுங்கள். அங்கே நாமமும், "நான்" யார் என்று உள்ளே பார்க்கும் விசாரமும் ஒன்றாகிவிடுகின்றன. தெய்வப் பெயர் ஒட்டாதவர்கள் மூச்சிலேயே அந்த ஒரு மாதத்தை ஓட்டலாம்.

இனி விசாரம். கடவுளைத் தேடுகிறவன் யார் என்று பார்ப்பதுதான் இதன் முறை. கேட்க எளிது. செய்யும்போது பலர் முதல் நாளே தப்பாகச் செய்துவிடுகிறார்கள். "நான் யார், நான் யார்" என்று மந்திரம் போல ஓதுவது, அல்லது "நான் உடல் அல்ல, மனம் அல்ல, நான் பிரம்மம்" என்று பதில் சொல்லிக்கொள்வது. இரண்டும் இது இல்லை.

ஒரு நிமிடத்தை மட்டும் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். மூச்சு அடங்கி உட்கார்ந்திருக்கிறீர்கள். திடீரென்று "நேற்று அவர் அப்படிப் பேசியிருக்க வேண்டாம்" என்று ஒரு எண்ணம். அதன் வால் பிடித்து அடுத்தது, "நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் தெரியுமா?" இங்கே ஒரு இடைவெளி கிடைக்கும். அதில் கேட்பது இவ்வளவுதான்: இந்த எண்ணம் யாருக்கு வந்தது? உள்ளிருந்து வருவது, "எனக்கு." சரி, அந்த "எனக்கு" என்று சொல்வது எது? இப்போது கவனம் நேற்றைய பேச்சிலிருந்து நழுவி, "நான்" என்று தோன்றுகிற அந்த உணர்வின் மேல் திரும்புகிறது. வார்த்தையில் பதில் வராது. வரவும் கூடாது. ஒரு நொடி, இரண்டு நொடி, எண்ணமில்லாத ஒரு வெறுமை, ஆனால் இருக்கிறோம் என்பது மட்டும் சந்தேகமில்லாமல் தெரிகிறது. அந்த இரண்டு நொடிதான் பயிற்சி. உடனே "ஆ, வந்துவிட்டது" என்று ஒரு குரல் எழும். அதுவும் எண்ணம்தான். யாருக்கு வந்தது?

முதல் மாதம் ஒரு முறை உட்காரும்போது இப்படி ஐந்தாறு தடவை கிடைத்தால் நல்ல கணக்கு. நொடிகளை நீட்ட முயலாதீர்கள். முயல்கிறவனும் அந்த "நான்"தான், அவனைப் பிடித்துக்கொண்டு அவனையே தாண்ட முடியாது. கேள்வியும் கடைசி வரை கூட வராது. பிணம் சுடும் தடி பிணத்தையெல்லாம் கிளறிவிட்டுக் கடைசியில் தானும் எரிந்துபோவதுபோல என்று இந்த விசாரத்தைச் சொல்லிக்கொடுத்த ரமண மகரிஷி இதற்கு உவமை சொல்வார். கேள்வி தானாக உதிரும்போது விட்டுவிடுங்கள், மறுபடி எடுத்து ஓதாதீர்கள். கவனம் சிதறினால் மட்டும் திரும்ப எடுத்தால் போதும்.

எங்கே கெட்டுப்போகிறது

பெரிய ஏமாற்று லயம். மனம் அடங்கிவிட்டது போல இருக்கும், சுகமாகவும் இருக்கும், ஆனால் அது விழித்த மாதிரித் தோன்றும் தூக்கம். கங்கைக் கரையில் ஒரு யோகி சீடனிடம் தண்ணீர் கேட்டுவிட்டுச் சமாதியில் ஆழ்ந்தாராம். பல நூறு வருடம் கழித்துக் கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "தண்ணீர் எங்கே?" ரமணர் சொன்ன கதை இது. அத்தனை காலமும் மனம் அழியவில்லை, அமுங்கித்தான் இருந்தது. உங்களுக்கான சோதனை எளிது: அலாரம் அடித்தபோது திடுக்கிட்டீர்களா? தலை தொங்கியிருந்ததா? நடுவில் பத்து நிமிடம் எங்கே போனது என்றே தெரியவில்லையா? அப்படியென்றால் லயம். கண்ணைத் திறந்து, முதுகை நிமிர்த்தி, கேள்வியைக் கூர்மையாக ஒரு தடவை போடுங்கள். இரவுத் தூக்கம் போதாமல்தான் பலருக்கு இது வருகிறது. அதிகம் தின்பவனுக்கும் பட்டினி கிடப்பவனுக்கும், அதிகம் தூங்குபவனுக்கும் தூங்காதவனுக்கும் யோகம் கைகூடாது என்று கீதையின் ஆறாம் அத்தியாயம் சொல்கிறது. விரதமும் விழிப்பும் கூட்டினால் சீக்கிரம் தெரியும் என்று நினைக்காதீர்கள். தூக்கத்தை ரொம்பக் குறைத்தால் யாருக்கும் காட்சி வரலாம், அதற்குக் கடவுள் தேவையில்லை.

அடுத்தது ஒளி, ஓசை, வாசனை, தெய்வ உருவம், உடல் பெரிதாவது போன்ற உணர்வு, காரணமில்லாத அழுகை. வரும். ஜென் பௌத்த மரபில் இதற்கு மாக்யோ என்று ஒரு பெயரே வைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். 16ஆம் நூற்றாண்டு ஸ்பானியக் கிறிஸ்தவத் துறவி சிலுவையின் யோவான், வருவது கடவுளிடமிருந்தே என்றாலும் அந்தக் காட்சியைப் பிடித்துக்கொள்ளாதே என்கிற அளவுக்குக் கண்டிப்பானவர். நாத்திகர் இந்த இடத்தில் வேறு மாதிரிச் சறுக்குகிறார். "மூளை ரசாயனம்" என்று பெயர் சூட்டி மூடிவிடுகிறார். பெயர் சூட்டுவது எந்தப் பெயராக இருந்தாலும் பார்ப்பதை நிறுத்துவதுதான். காட்சி யாருக்குத் தெரிகிறது என்று இரண்டு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

பயம். "நான்" என்பது நழுவப் போகும்போது சாவு வருவது போன்ற ஒரு நடுக்கம் வரலாம். 1896இல் மதுரையில் 16 வயதுப் பையன் ஒருவனுக்கு அப்படித்தான் மரண பயம் வந்தது. ஓடாமல் படுத்துக்கொண்டு, சாவது எது என்று பார்த்தான். அவன்தான் பின்னால் ரமணர். எல்லாரும் அப்படி முடிக்க வேண்டியதில்லை. தாங்கவில்லை என்றால் கண்ணைத் திறங்கள், பாதம் தரையில் படுவதை உணருங்கள், எழுந்து நடங்கள். தொடர்ந்து தூக்கம் கெட்டாலோ, குரல்கள் கேட்டாலோ, எல்லாம் கனவு போலத் தோன்றுவது பகலிலும் விலகாவிட்டாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே மனச்சிதைவுக்கோ வலிப்புக்கோ சிகிச்சையில் இருப்பவர்கள் தொடங்கும் முன்பே மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிறகு வறட்சி. மூன்றாம் நாலாம் மாதத்தில் ஒன்றுமே நடக்காது. மணல் தின்பது போல இருக்கும். இதற்கு, இயேசு சபையை நிறுவிய கிறிஸ்தவத் துறவி லொயோலா இஞ்ஞாசியார் கொடுத்த விதி எந்த மதத்தாருக்கும் பொருந்தும்: வறட்சியின் நடுவில் எந்த முடிவையும் மாற்றாதே. முறையை மாற்ற வேண்டும் என்று தோன்றினால் தேதி குறித்து வையுங்கள், நிலை தெளிந்த பிறகு முடிவெடுங்கள்.

வந்தது எது என்று சோதிப்பது

ஏதோ நடந்தது என்று வையுங்கள். எழுந்த பத்து நிமிடத்துக்குள் எழுதுங்கள், "கடவுள்", "பேரானந்தம்", "சக்தி" ஆகிய மூன்று சொல்லும் இல்லாமல். என்ன மாறியது, எவ்வளவு நேரம், உடலில் எங்கே, முன்னால் என்ன எண்ணம் ஓடியது. மறுநாள் எழுதினால் கதையாகிவிடும்.

இவ்வகை அனுபவங்களை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1902இல் நாலு அடையாளம் குறித்தார்: சொல்லில் அடங்காது, ஏதோ அறிந்துகொண்டோம் என்ற உறுதி தரும், நீடிக்காது, நம் கையில் இல்லாமல் தானே நிகழும். பெரும்பாலும் அரை மணி, மிஞ்சினால் ஒன்றிரண்டு மணி நேரம்தான் என்பது அவர் கணக்கு. ஆனால் இந்த நாலும் இருந்தால் உண்மை என்று ஆகிவிடாது. வலிப்பு நோயிலும் இதே போன்ற பரவசம் சிலருக்கு வருவதுண்டு. ஆகவே இஸ்லாமிய ஞானிகளான சூஃபிகளின் பிரிப்பு இன்னும் உபயோகமானது. வந்து போவது ஹால், நிலைத்து நிற்பது மகாம். ஹால் எத்தனை வந்தாலும் அது மகாம் ஆகாது.

நிலைத்ததா என்று தெரிய ஆறு வாரம் பொறுங்கள். அதன் பிறகு உங்களோடு வாழ்கிறவரிடம், என்ன நடந்தது என்று சொல்லாமல், "என்னிடம் ஏதாவது மாற்றம் தெரிகிறதா?" என்று கேளுங்கள். கோபம் வந்தால் எவ்வளவு நேரம் தங்குகிறது, தவறை ஒத்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகிறது, எதிராளி பேசி முடிக்கும் வரை பொறுக்க முடிகிறதா? இவை மூன்றும் குறைந்தபட்ச அளவுகோல். அனுபவத்துக்குப் பின் "எனக்குத் தெரிந்துவிட்டது, இவர்களுக்குத் தெரியாது" என்ற நினைப்பு கூடியிருந்தால், "நான்" கரையவில்லை. புதுச் சட்டை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

எழுவது

அலாரம் அடித்ததும் குதித்து எழாதீர்கள். முப்பது நொடி அப்படியே இருங்கள். கால் மரத்திருந்தால் நீட்டி, கணுக்காலைச் சுற்றி, ரத்தம் ஓடிய பிறகு எழுந்திருங்கள். எழும்போது அந்த "இருக்கிறேன்" என்ற உணர்வு கூடவே வருகிறதா என்று மட்டும் பாருங்கள். கதவருகே போவதற்குள் தொலைந்துவிடும், பரவாயில்லை. பகலில் கதவைத் திறக்கக் கைப்பிடியைத் தொடும்போதெல்லாம் ஒரு தடவை கேளுங்கள்: தொடுவது யார்? ஒரு நாளில் பத்துப் பதினைந்து கதவு இருக்கும். மறந்துபோன கதவுகளை எண்ண வேண்டாம், அடுத்த கதவு போதும்.