எதிர்கால அதிபர் வேட்பாளரைக் கட்சி எவ்வாறு தேட வேண்டும்

அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டிலிருந்து அதிபர் வேட்பாளரைக் கட்சிப் பெரியவர்கள் அறைக்குள் கூடி முடிவு செய்வதில்லை. மாநிலந்தோறும் வாக்காளர்களே கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தல்களே பெரும்பாலும் முடிவு செய்கின்றன. ஆகவே தேடலில் இறங்கும் கட்சிக் குழு, தனக்கு யாரையும் நியமிக்கும் அதிகாரம் இல்லை என்பதை உணர்ந்து, எட்டு அல்லது பன்னிரண்டு ஆண்டுகளில் களமிறங்கக்கூடிய பலரை இப்போதே இனங்கண்டு சோதித்துப் பார்ப்பதோடு நிற்க வேண்டும். அரசியல் சாசனம் கேட்கும் தகுதிகள் மூன்றே: பிறப்பால் குடியுரிமை, 35 வயது, நாட்டில் 14 ஆண்டுகள் வசித்திருத்தல்.

பட்டியலை மாநில ஆளுநர்களிடமிருந்து, அதாவது மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு மாநிலத்தை நிர்வகிப்பவர்களிடமிருந்து தொடங்குங்கள். 1976 முதல் 2004 வரை நடந்த எட்டு அதிபர் தேர்தல்களில் ஏழில் வென்ற கார்ட்டர், ரீகன், கிளிண்டன், இளைய புஷ் ஆகிய நால்வருமே ஆளுநர் பதவி வகித்தவர்கள். செனட்டிலிருந்து நேரடியாக அதிபரானவர்களோ ஹார்டிங், கென்னடி, ஒபாமா ஆகிய மூவர் மட்டுமே. வரவு செலவுத் திட்டம் போட்டு, புயலையும் வேலைநிறுத்தத்தையும் சமாளித்தவரிடம் காட்டுவதற்கு ஒரு நிர்வாகம் இருக்கிறது. செனட்டரிடம் பெரும்பாலும் பேச்சுகளும், எதிரிகள் தோண்டி எடுக்கக்கூடிய வாக்குப்பதிவுகளுமே இருக்கின்றன. ஆனாலும் ஆளுநர்களோடு நின்றுவிடக் கூடாது. 2004இல் ஜனநாயகக் கட்சியின் பாஸ்டன் மாநாட்டு மேடையில் ஒபாமா பேசியபோது அவர் இல்லினாய் மாநில செனட் உறுப்பினர்தான்.

அடுத்து, ஒருவர் வென்றார் என்பதை விட, யாருடைய வாக்குகளால் வென்றார் என்பதைப் பாருங்கள். அவர் ஒவ்வொரு மாவட்டத்திலும் பெற்ற வாக்கு விகிதத்தை, அதே மாவட்டத்தில் கட்சியின் அதிபர் வேட்பாளர் பெற்றதோடு ஒப்பிட வேண்டும். கட்சியின் கோட்டையில் பெரும் வித்தியாசத்தில் வெல்வது பெரிய சான்று அல்ல. மாநிலவாரியாகப் பிரிக்கப்பட்டு அதிபரைத் தீர்மானிக்கும் மொத்தம் 538 தேர்வாளர் வாக்குகளில் 270ஐ எட்டுவதற்கு, இழுபறி மாநிலங்களில் மாற்றுக் கட்சி வாக்காளரையும் ஈர்க்கும் திறன் தேவை.

தோற்றவர்களைப் பட்டியலிலிருந்து நீக்குவதுதான் இந்தத் தேடலில் நடக்கும் பெரும் பிழை என்பது என் கருத்து. நிக்சன் 1962இல் கலிஃபோர்னியா ஆளுநர் தேர்தலில் தோற்று, 1968இல் அதிபரானார். ஒபாமா 2000இல் பிரதிநிதிகள் சபைக்கான முதல்நிலைத் தேர்தலில் தோற்றார். எல்லாவற்றையும் விடப் பயனுள்ள பாடம் கிளிண்டனுடையது: வாகன உரிமக் கட்டணத்தை உயர்த்திய கோபமும் சேர்ந்து 1980இல் ஆர்கன்சா ஆளுநர் பதவியைப் பறித்தது, அவர் தொலைக்காட்சி விளம்பரத்தில் மக்களிடம் வருத்தம் தெரிவித்து, 1982இல் அதே பதவியை மீட்டார். எனவே தோல்விக்குப் பிந்தைய இரண்டு ஆண்டுகளை உன்னிப்பாகப் படியுங்கள்: பழியை யார் மீது போட்டார், எதை மாற்றிக்கொண்டார், பழைய உதவியாளர்கள் உடன் இருந்தார்களா என்பவை, எந்த நேர்காணலும் தராத தகவல்கள்.

பின்னணி விசாரணையை அவசரத்தில் செய்யாதீர்கள். 1972இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் மெக்கவர்ன் அவசரமாகத் தேர்ந்தெடுத்த துணை அதிபர் வேட்பாளர் ஈகிள்டன், மனச்சோர்வுக்கு மின்னதிர்ச்சி சிகிச்சை பெற்றிருந்தது வெளியான சில நாட்களிலேயே விலக நேர்ந்தது. வரிக் கணக்கு, வழக்குகள், பழைய பேச்சுகள் ஆகியவற்றைக் கட்சிக்கு வெளியே உள்ள வழக்கறிஞர்கள் நிதானமாக ஆராய்வதே நல்லது. முடிவுகளைச் சம்பந்தப்பட்டவருக்கு மட்டும் தெரிவித்தால், அவரே ஒதுங்கவோ விளக்கம் தயாரிக்கவோ வாய்ப்பு கிடைக்கும்.

மேடை வாய்ப்பு கொடுங்கள். ஆனால் அதையே தீர்ப்பாக்காதீர்கள். 1988 கட்சி மாநாட்டில் கிளிண்டன் தன் நீண்ட உரையில் 'முடிவாக' என்று சொன்னபோது கூட்டம் கைதட்டியது நிம்மதியால்தான். நான்கே ஆண்டுகளில் அவர் வேட்பாளரானார். பட்டியலை, அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் வரும் ஒவ்வொரு இடைக்காலத் தேர்தல் முடிந்ததும் திருத்தி, புதிதாக வென்ற ஆளுநர்களைச் சேர்த்து, ஆர்வம் இழந்தவர்களை அவர்களிடம் கேட்ட பிறகே நீக்க வேண்டும்.