கோத்தகிரி இறக்கமும் இடது காலும்: ஊரில் கார் ஓட்டப் போகிறவர்களுக்கு

ஊருக்குப் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது ஒரே விஷயம். வெளிநாட்டில் வருஷக்கணக்காக ஆட்டோமேட்டிக் கார் ஓட்டிவிட்டு, மலையில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக் கியர் வண்டியின் சாவியைக் கையில் வாங்காதீர்கள். வாங்கித்தான் தீர வேண்டும் என்றால் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

நான் டொரோண்டோ வந்து 16 வருஷம் ஆகிறது. சொந்த ஊர் கோத்தகிரிப் பக்கம். அப்பா தேயிலைக் கொழுந்து ஏற்றும் லாரி ஓட்டினார். பதினெட்டு வயதில் அந்த லாரியில்தான் கிளட்ச் மிதிக்கப் பழகினேன். போன ஜூலையில் ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பா சாவியை நீட்டினார். இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனதால் அவரால் கிளட்ச்சை மிதிக்க முடியவில்லை. வண்டி மாதக்கணக்கில் ஷெட்டிலேயே நின்றது. நான் அனுப்பிய பணத்தில் 2011இல் வாங்கிய வண்டி அது. மூன்று நாள் ஊருக்குள்ளேயே கடைக்கும் கோயிலுக்கும் ஓட்டினேன். நாலாம் நாள், "சித்தி கண்ணை மேட்டுப்பாளையத்துல காட்டணும். நீ இருக்கையில டிரைவர் எதுக்குப்பா?" என்றார். அப்பா போனபோது என்னால் வர முடியவில்லை. கொள்ளி வைத்தது அவர். அவரிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 33 கிலோமீட்டர். அதற்குள் 1,400 மீட்டருக்கு மேல் இறங்குகிறோம். அரவேனு தாண்டும்போது லேசான மழையும் மூடுபனியும். நான் நாலாவது கியரில் போட்டுவிட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு போனேன். கனடாவில் பழகியது அதுதான். கியரை வண்டி பார்த்துக்கொள்ளும், நம் வேலை பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் மட்டும். 16 வருஷத்தில் கியர் என்று ஒன்று இருப்பதையே என் கை மறந்திருந்தது.

முதலில் வாசனை வந்தது. ரப்பர் கருகுவது போல. சித்தி, "யார் வீட்லயோ ஏதோ எரிக்கறாங்க" என்றார். குஞ்சப்பனைக்குக் கொஞ்சம் மேலே ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தேன். பெடல் பஞ்சு போல உள்ளே போனது. மறுபடி மிதித்தேன். இன்னும் கீழே போனது. எதிரே பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது. பின்சீட்டில் சித்தி ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். மூன்றாவது, இரண்டாவது என்று கியரைக் குறைத்தேன். இன்ஜின் அலறியது, வண்டி கொஞ்சம் பிடித்தது. ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்துப் பாறைப் பக்கமாக ஒதுக்கி நிறுத்தினேன். கை நடுங்கி சீட் பெல்ட்டைக் கழற்ற முடியவில்லை.

ரோட்டோரம் பலாப்பழம் விற்றுக்கொண்டிருந்த அம்மா ஒருவர் வந்தார். எதுவும் கேட்காமல் முதலில் முன்டயருக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்தார். அப்புறம்தான், "கியர்ல வராம பிரேக்லயே வந்தீங்களா?" என்றார். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றப் போன என்னைத் தடுத்ததும் அவர்தான். பழுக்கக் காய்ந்த இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் கோணிவிடும். பலா சீசனில் அந்தப் பக்கம் யானை இறங்கும், இருட்டுவதற்குள் கிளம்புங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்துத் தம்பி தன் ஆட்டோமேட்டிக் காரில் வந்து எங்களைக் கூட்டிப் போனான்.

நடந்தது என்ன என்று மெக்கானிக் சொன்னார். விடாமல் மிதித்ததில் பிரேக் பேட் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுக்கும். பழையதாகிவிட்டால் சீக்கிரம் கொதித்துக் குமிழி கட்டும். நாம் மிதிக்கும் அழுத்தம் குமிழியை அமுக்குவதிலேயே போய்விடும், சக்கரத்துக்குப் போகாது. ஷெட்டில் நின்ற வண்டி என்றால் மலையில் இறக்குவதற்கு முன் பிரேக் ஆயிலை மாற்றச் சொல்லுங்கள். எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரில்தான் இறங்க வேண்டும் என்று அப்பா எத்தனை தரம் சொல்லியிருப்பார்! பெட்ரோல் மிச்சம் என்று எந்தக் கியரும் போடாமல் நியூட்ரலில் விடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். இன்றைய வண்டிகளில், கியரில் இருந்து ஆக்ஸிலேட்டரை விட்டாலே இன்ஜினுக்குப் பெட்ரோல் போவது நின்றுவிடும். நியூட்ரலில்தான் செலவு. கிளட்ச்சை மிதித்தபடி இறங்குவதும் அதே தப்பு. கீழ்க் கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்து வேகத்தைக் குறைக்கும், அந்தப் பிடியை நாமே அறுத்துவிடுகிறோம். பல ஆட்டோமேட்டிக் கார்களிலும் எல் (கீழ்க் கியர்) அல்லது எம் (கியரை நாமே மாற்றுவது) என்று ஒரு நிலை இருக்கும். இந்த மாதிரி இறக்கத்தில் அதைப் பயன்படுத்திக் கீழ்க் கியரில் இறங்குங்கள்.

ஆட்டோமேட்டிக்கில் பெடல் ஏன் இரண்டு, கியர் வண்டியில் ஏன் மூன்று என்பது தெரிந்தால் பாதிப் பயம் போகும். பெட்ரோல், டீசல் இன்ஜின் ஒரு வேகத்துக்குக் கீழே சுற்றினால் அணைந்துவிடும். வண்டி நிற்க வேண்டும், இன்ஜின் சுற்ற வேண்டும் என்றால் நடுவில் தொடர்பை அறுக்க ஒன்று தேவை. கியர் வண்டியில் அது உங்கள் இடது கால். ஆட்டோமேட்டிக்கில் டார்க் கன்வெர்ட்டர்: எதிரெதிரே இரண்டு விசிறிகள், நடுவே எண்ணெய். ஒன்று சுழற்றித் தள்ளும் எண்ணெய் மற்றதைச் சுழற்றும். வண்டி நிற்கும்போது எண்ணெய் வழுக்கிக்கொடுக்கும். அதனால் மூன்றாவது பெடலுக்கு வேலை இல்லை. 2014இல் மாருதி செலேரியோவில் வந்து இன்று ஊரில் நிறையப் பேர் வைத்திருக்கும் ஏஎம்டி, அதாவது கியர் வண்டியின் கிளட்ச்சையும் கியரையும் தானே இயக்கும் ஏற்பாடு, வேறு வகை. அதில் கிளட்ச் பிளேட் அப்படியே இருக்கிறது, மிதிப்பது மட்டும் கம்ப்யூட்டர். ஏற்றத்தில் அது பின்னால் நழுவலாம். ஆக்ஸிலேட்டரைப் பாதி மிதித்தே ஏற்றத்தில் நிறுத்தி வைத்தால் பிளேட் தேயும். பிரேக்கில் நில்லுங்கள்.

கனடாவில் ஸ்டியரிங் இடப்பக்கம், இங்கே வலப்பக்கம் என்றாலும் பெடல் வரிசை மாறாது: இடமிருந்து கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர். ஆபத்து அங்கே இல்லை. கிளட்ச்சைத் தரை வரை மிதிக்க வேண்டும், பிரேக்கைப் பதமாக மிதிக்க வேண்டும். இடது காலுக்கு அந்தப் பதம் தெரியாது. அதற்கு இரண்டு நாள் கழித்துத் தம்பியின் ஆட்டோமேட்டிக் காரை எடுத்தேன். கிளட்ச் பழக்கம் திரும்பியிருந்த இடது கால், வேகம் குறைக்கும்போது தானாக இறங்கியது. ஆட்டோமேட்டிக்கில் பிரேக் பெடல் அகலமானது, இடப்பக்கம் நீண்டிருக்கும். முழு பலத்தோடு அதன் மேல் விழுந்தது கால். வண்டி குத்தி நின்றது. சித்தியின் நெற்றி முன்சீட்டில் மோதி வீங்கிவிட்டது. "ஒண்ணுமில்ல சாமி, ஓட்டு" என்றார் அவர். எனக்கு அது இன்றும் தாங்கவில்லை. ஆட்டோமேட்டிக்கில் உட்கார்ந்ததும் இடது காலை இழுத்து ஓரமாக வையுங்கள். பின்சீட்டில் இருப்பவர்களையும் பெல்ட் போட வையுங்கள்.

மற்றவை சுருக்கமாக. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியைக் கிளம்பும் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். பிரிட்டனில் ஆட்டோமேட்டிக்கில் டெஸ்ட் பாஸ் பண்ணியவர்களுக்கு அங்கே கியர் வண்டி ஓட்ட உரிமை கிடையாது. அவர்கள் இங்கேயும் தொட வேண்டாம். 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வெளிமாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸ் வந்திருக்கிறது, கோயம்புத்தூரில் எடுக்கும் வாடகைக் காருக்கும் அதைப் பாருங்கள். குறுகிய இடத்தில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி. ஏற்றத்தில் நின்று கிளம்ப ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கிளட்ச்சைப் பாதி விட்ட நிலையில் (ஹாஃப் கிளட்ச்) வண்டி லேசாக முன்னால் இழுப்பது தெரிந்ததும் ஹேண்ட் பிரேக்கை விடுங்கள்.

ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின நாள், விடிகாலையில், சித்தப்பா பிரேக் ஆயில் மாற்றிய வண்டியில் என்னைக் கோடநாடு ரோட்டுக்குக் கூட்டிப் போனார். இரண்டு பக்கமும் தேயிலை, ரோட்டில் ஆள் இல்லை. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் பக்கத்து சீட்டில் அவருடைய இடது கால், ஆபரேஷன் செய்த கால், காலடி விரிப்பின் மேல் மெதுவாக அழுந்தி எழுந்தது.